மூடிராதலே

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவருக்கு அனுப்பிவைப்பார்கள். தன்னைப் பற்றி ஒருவன் எழுதியிருக்கிறான் என்று அவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டார். படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஏதாவது வந்து கத்தினால்கூட, அதைப் படிக்காமல் அடித்துத் தள்ளிவிட்டு, "அது சும்மா சொல்லும்" என்பார்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அவருக்கு சிஸ்டம் அண்ணாச்சி என்று பெயர். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார் என்பதால் வந்தது. மற்றபடி சிஸ்டம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை வைத்திருந்தார். அங்கே ஒரு மின்விசிறி இருந்தது. சுவிட்சைப் போட்டால் சுற்றாது. ஒட்டடைக் குச்சியால் அவர் ஒரு தள்ளு தள்ள வேண்டும், அப்புறம் சுற்றும். ஒருநாள் அதே குச்சியால் நானும் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவருடைய கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

"எங்கிட்டதாம்லே சுத்தும்" என்றார்.

ஆள் மொத்தமும் இந்த ஒரு வாக்கியம்தான். மற்றவர்கள் ஒரு பொருளைப் பழுது பார்த்தால் அது நம் வீட்டில் ஓடும். இவர் பழுது பார்த்தால் இவரிடம் மட்டும் ஓடும். மருந்துக் கடைக்காரர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார். இவர் பக்கத்தில் வந்து நின்றதும் அது கடகடவென்று அடிக்கும். கடைக்குக் கொண்டுபோனால் அடிக்காது. கடைசியில் அந்த மனிதர் பில் போட வேண்டுமென்றால் இவருக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தார். இவர் அதை வெட்கமாக நினைக்கவில்லை. கைராசி என்று நினைத்தார். தான் இல்லாமலும் ஒரு பொருள் ஓடுகிறது என்றால் அதில் தான் பார்த்த வேலைதான் என்ன என்பது அவருடைய கட்சி.

தன் பைக்கையும் அப்படித்தான் வைத்திருந்தார். டீ குடிக்க இறங்கினாலும் அணைக்க மாட்டார். அது டீக்கடை வாசலில் நின்று புகையாகக் கக்கிக்கொண்டிருக்கும், பெஞ்சில் இருப்பவர்கள் இருமிக்கொண்டே குடிப்பார்கள். யாராவது முனகினால், "அணைச்சா என்னத் தவிர யாராலயும் கிளப்ப முடியாது" என்பார், ஏதோ வம்சத்துப் பெருமையைச் சொல்வதுபோல.

இப்படிப்பட்ட ஒருவரிடம் என் பிழைப்பைத் தூக்கிக் கொடுத்தவன் நான். ஆகவே அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், கொஞ்சம் சிரிப்பை எனக்கும் மிச்சம் வைக்கவும்.

நான் மக்ரூன் போடுகிறவன். முட்டையின் வெள்ளைக்கருவை நுரையாக அடித்து, சீனியும் முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாகச் சொட்டவிட்டுச் சுட்டெடுக்கிற பண்டம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போவார்கள். தொழிலைக் கற்றது சித்தப்பா கடையில். அங்கே இருந்து வெளியே வந்தபோது, சும்மா வந்திருக்கலாம். "இனி இந்த ஏப்ரனை நான் போட்டா என் பேரை மாத்திக்கிடுங்க" என்று எல்லார் முன்னாலும் கழற்றி வீசிவிட்டு வந்தேன். சித்தப்பா அதைக் குனிந்து எடுத்து, உதறி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டினார். அந்த ஆணி எனக்கு ரொம்ப நாள் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது.

என் சொந்தக் கடை நன்றாகத்தான் நடந்தது, தெருவை அகலப்படுத்தும் வரை. ஷட்டர் இருந்த இடத்தில் பள்ளம் வந்தது. பள்ளத்தில் தண்ணீர் வந்தது. நான் அடுப்பையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வீட்டுக் குசினிக்கு வந்துவிட்டேன். மக்ரூன் அதே மக்ரூன்தான். ஆனால் கடையைத் தேடி வந்தவர்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நேராகச் சித்தப்பா கடைக்குப் போனார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வருஷம் முழுவதும் சாப்பாடு போடுவது அந்த சீசன்தான்.

கோயிலில் பூசை முடிந்து வரும்போது சித்தப்பா என் தோளில் கை போட்டார். "பண்டிகைய ஓட்டிப் பாருலே. ஓடலேன்னா தை பொறந்ததும் வந்துரு. உன் ஏப்ரனைத் துவைச்சுதான் போட்டிருக்கேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

வெப்சைட் வைக்கலாம் என்றது என் மனைவி. வாட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்திருந்தோம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாய்க்கு ருசி பார்க்கக் கேட்டார்கள், வாங்கக் கேட்கவில்லை. "வெளியூர்க்காரங்க படத்தைப் பாத்து, எத்தனை பெட்டின்னு தட்டினா நமக்கு போன்ல டிங்குனு வரணும். பள்ளம் அவங்க கண்ணுக்குத் தெரியாது" என்றாள். சரியான யோசனை. ஆனால் அதைச் செய்ய ஆள் பிடித்தவன் நான்.

சிஸ்டம் அண்ணாச்சி எங்கள் வீட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தார். "கிளவுட்ல ஏத்திருவோம்" என்றார்.

"மழைக்காலத்துலயா?" என்றேன். நான் சிரிப்பதற்காகச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

பிறகு என் மனைவிக்கு விளக்கினார். "மும்பையில ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்திருக்கேன் தங்கச்சி. அது மெஷினும் இல்ல, பெரிய மெஷினுக்குள்ள இருக்க ஒரு மெஷின். கண்ணுக்குத் தெரியாது."

"தெரியலேன்னா இருக்குன்னு எப்படிண்ணாச்சி சொல்லுதீங்க?"

"நம்பணும்."

"நம்புறதுக்குக் கோயில் இருக்கு. இதுக்கு வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் தட்ட ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு பீட்சா கடையின் பக்கத்தை இறக்கி, பீட்சா படங்களை எடுத்துவிட்டு மக்ரூன் படங்களை வைத்தார். கடைசி வரியில் 'சூடாக, சீஸ் உருக உருக' என்பது மட்டும் அப்படியே நின்றது. சுட்டிக்காட்டினேன். "அது கீழதான இருக்கு" என்றார்.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. என் போனில் மட்டும் பக்கம் வரவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போர்ட் மூடியிருக்குலே. எண்பதைத் திறக்கணும்" என்றார்.

எங்கள் ஊரில் போர்ட் என்றால் ஒன்றுதான். தூரத்தில் கிரேன் தெரிகிற இடம். வெளியூர்க் கப்பல் வருகிற இடம். மும்பையிலிருந்து வர வேண்டிய ஏதோ ஒன்று அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, சொல்லிப் பார்த்தால் விடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் அங்கே கிரேன் ஓட்டுகிறான். அவனுக்கு போன் போட்டேன்.

"மாப்ள, போர்ட்ல எண்பதைத் திறக்கணுமாம். யாரைப் பாக்கணும்?"

"எண்பதா? இங்கன கப்பல் நிக்க அத்தனை பெர்த்தே கிடையாதேலே. கொழும்புல கேட்டுப் பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இந்த இடத்தில் சிஸ்டம் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். வாசல் எண் மாதிரி, கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழிக்கு ஒரு எண், அதற்குத்தான் போர்ட் என்று பெயர், முட்டாளே என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. லேசாக முன்னால் சாய்ந்து, கவலையோடு கேட்டார்:

"என்ன சொன்னான்?"

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நானும் கவலையோடுதான், "கொழும்புல கேக்கச் சொல்லுதான்" என்றேன்.

பிறகு வாடகைக் கம்பெனியின் பக்கத்தில் எங்கேயோ துழாவி, எந்தெந்த வழியாக ஆட்கள் உள்ளே வரலாம் என்று குறிக்கிற இடத்தை அவரே கண்டுபிடித்தார். எண்பதை மட்டும் குறித்தாரா என்றால் இல்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று எல்லா வழியையும் திறந்துவிட்டார். மூடுவது என்ற செயலின் மேல் அவருக்கு அப்படி ஒரு பகை.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். என் போனில் மக்ரூன் வந்தது. கூம்பு கூம்பாக, வெள்ளை வெளேரென்று, எங்கள் வீட்டுத் தட்டில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். வைக்க இடமில்லையே என்று, மரியாதைக்கு, லேப்டாப்பை மூடினேன்.

"மூடிராதலே!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போனைப் பார்த்தேன். மக்ரூன் இல்லை. பக்கமே இல்லை.

"மூடினா மும்பையில படுத்துரும்" என்றார். "இது திறந்திருக்க வரைக்கும்தான் அது நிக்கும். நான் இருக்கேன்லா, கவலைப்படாத."

அன்றிலிருந்து எங்கள் கடை என்பது ஒரு திறந்த லேப்டாப். அதை எங்கள் வீட்டில் விட்டுப் போகவும் அவருக்கு மனசு வராது. அவர் போகிற இடமெல்லாம் அது போகும், நெட்டுக் குச்சி செருகி, விரித்தபடியே, சாப்பாட்டுத் தட்டை ஏந்துவதுபோல இரண்டு கையிலும். அவர் பைக் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்து ஏந்துவது நான். மழை தூறினால் ஒரு கையில் குடை, குடை லேப்டாப்புக்கு. முடி வெட்டப் போனால் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் அது விரிந்திருக்கும். நடுவில் யாராவது ஆர்டர் போட்டால் டிங் என்னும். உடனே முடி வெட்டுகிறவரின் கையைத் தள்ளிவிட்டு, அரைத் தலையோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார், தானே அந்த மக்ரூனை முட்டையிட்டதுபோல.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோதும் கையில் அதுதான் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, அதுக்கும் பாவமன்னிப்பு கேக்கப் போறீயளா?"

"இது நின்னா ஒரு குடும்பம் நின்னுரும்" என்றார் இவர், என்னைக் கண்ணால் காட்டி. வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்தேன்.

இந்த மாதிரி ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள்கூட லீவு எடுக்காத தலைமை கிளார்க். யாரிடமும் சொல்லித்தராத சமையல்காரர். நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்பதை ஒரு குறையாகச் சொல்வதுபோலச் சொல்லிப் பூரித்துப்போகிறவர்கள். ஒன்றும் நடக்காதபடிக்கு வேலையைக் கட்டிவைத்தவர்களும் அவர்களேதான் என்பதை நாம் கவனிப்பதில்லை. கையில் குடையோடு பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்?

ஆனால் ஆர்டர் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து, மதுரையிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் டிங் டிங் என்று வந்தது. பண்டிகைக்கு முந்தைய வாரம் குசினி முழுக்கத் தட்டு. ஆணியில் தொங்கிய ஏப்ரனை நான் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் அவருக்குத் திருச்செந்தூர் பக்கத்து ஆலந்தலையில் ஒரு ஞானஸ்நான விருந்து வந்தது. போக வேண்டாம் என்று கெஞ்சினேன். "போனா என்ன? இதையும் கொண்டுதான போறேன்" என்றார். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை விரித்து, எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

பஸ் ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டிங் நின்றது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன், இல்லை. அவருக்கு போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. குசினியில் சுட்டு ஆறிய மக்ரூன் மலைபோலக் கிடந்தது. வெளியே ஈரக் காற்று. நமத்துப் போனால் ஈறில் ஒட்டும், பல்லில் ஒட்டும், யார் வாங்குவார்கள்? அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் போன்.

"என்னலே, கடை மூடிட்டாமே? மதுரையில இருந்து ஒரு அம்மா உன் பக்கம் வரலேன்னு எங்கிட்ட கேக்கு. நான் குடுத்தனுப்பட்டுமா?" அதோடு, "ஏப்ரனை இஸ்திரி போடச் சொல்லட்டா?" என்றார்.

என் மனைவி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். "வண்டியை எடுங்க" என்றாள்.

உப்பளங்களை ஒட்டிப் போகிற சாலையில் நான் ஓட்ட, பின்னால் அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனையே பார்த்தபடி வந்தாள். சில நாட்களாகவே, தட்டை அடுப்பில் வைத்துவிட்டு, யாரோ ஒரு பெண் தமிழில் எடுக்கிற கம்ப்யூட்டர் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் சீரியல் பார்ப்பதாக நினைத்திருந்தேன்.

"ஏங்க" என்றாள் என் காதருகே. "இவரு மூடினா மும்பை மெஷின் படுக்கவே படுக்காதாம். அது எப்பவும் முழிச்சுதான் இருக்குமாம்."

"அப்புறம் ஏன் நிக்கி?"

"இவரு தன் திரையில இருந்தே வேலையைத் தொடங்கி வைக்காரு. அந்தத் திரை போனா அந்த வேலையும் கூடவே போயிருமாம். பொறுப்பை அந்த மெஷின்கிட்டயே எழுதிக் குடுத்துட்டா அதுபாட்டுக்கு ஓடுமாம். விழுந்தாலும் அதுவே எந்திரிச்சுக்கிடுமாம்."

"எவ்வளவு பெரிய வேலை அது?"

"சின்னதா ஒரு ஃபைலு எழுதணும். அப்புறம் ரெண்டு வரி."

பைக் உப்பளத்துக்குள் இறங்கியிருக்கும். எப்படியோ பிடித்துவிட்டேன். குடை, மழை, பவுடர் டப்பா, கோயில் வரிசை எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. ரெண்டு வரி!

ஆலந்தலையில் பந்தலைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடற்கரையில் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே கடலை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே பிரியாணித் தட்டோடு நின்றவர்கள், "அண்ணாச்சி, மீன் கூட்டம் தெரிஞ்சா ஒரு சத்தம் குடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டவர் இல்லலே" என்றார் என்னைப் பார்த்ததும். சாப்பிடக்கூட இல்லை போலிருக்கிறது. முகம் வாடியிருந்தது.

"எங்கிட்ட இருக்கே! இத்தனை பேர் போன் வச்சிருக்காங்களே, ஒருத்தர்கிட்ட நெட்டு கேட்டா என்ன?"

"அடுத்தவன் நெட்டுல ஓடினா அது நம்ம வேலையாலே?"

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் மூளை தென்படவில்லை.

என் மனைவி, "குடுங்கண்ணாச்சி" என்று கையை நீட்டினாள். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையைத் தருவதுபோலத் தந்தார். அவள் வள்ளத்தின் மேல் அதை வைத்து, என் போனிலிருந்து நெட்டை இணைத்து, தன் போனில் பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தட்டினாள். விரல் ஓரத்தில் இன்னும் சீனி ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, வேண்டாம்" என்றார் அவர். "அதைத் தனியா ஓட விட்டா நாளைக்கு நம்ம பேச்சைக் கேக்காது."

"கேக்க வேண்டாம் அண்ணாச்சி. ஓடட்டும்."

"பயம் விட்டுப் போயிரும்மா அதுக்கு!"

அவள் கடைசி வரியைத் தட்டினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் லேப்டாப்பின் தலையைத் தொட்டு, மெதுவாகச் சாய்த்து, மூடினாள். டொக்.

"மூடிட்டாளே!" என்று அவர் தலையில் கை வைத்தார். பந்தலிலிருந்த பாதிப்பேர் ஓடிவந்துவிட்டார்கள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று.

என் போனை எடுத்தேன். பக்கத்தைத் திறந்தேன். மக்ரூன் இருந்தது. மூடித் திறந்தேன். இருந்தது. பிரியாணித் தட்டோடு நின்ற ஒருவரின் போனில் திறக்கச் சொன்னேன். அங்கேயும் இருந்தது, 'சீஸ் உருக உருக' வரைக்கும். என் மனைவி கடல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

டிங் என்றது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் மெல்ல வள்ளத்தின் அருகே வந்தார். லேப்டாப்பை எடுத்தார். தூசியைத் துடைத்தார். திறந்தார். என் போனை எட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"பாத்தியாலே? திறந்ததும் எப்படி ஓடுது!"

அந்தப் பண்டிகை ஓடியது. ஒரு தட்டுகூட நமத்துப் போகவில்லை. தை பிறந்ததும் நானே சித்தப்பா கடைக்குப் போய் ஏப்ரனைக் கேட்டு வாங்கிவந்தேன். இப்போது எங்கள் குசினியில் சூடான தட்டைப் பிடித்து இறக்குவதற்கு அதுதான். பேரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

சிஸ்டம் அண்ணாச்சி அப்புறம் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். அவர் போனதில் எங்கள் தெருவில் எதுவும் நிற்கவில்லை. மருந்துக் கடையில் புதுப் பிரிண்டர் வாங்கினார்கள், அது அடிக்கிறது. டீக்கடையில் இருமல் குறைந்தது. அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லலாமென்று நானும் இத்தனை நேரம் தேடிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து போன் வரும். வாழ்த்தெல்லாம் சொல்ல மாட்டார். எடுத்ததும், "ஓடுதாலே?" என்பார்.

"ஓடுது அண்ணாச்சி."

"ஓடும். இங்கன திறந்துதான் வச்சிருக்கேன். மக மூடு மூடுங்கா, கரண்டு பில்லு ஏறுதாம். இவளுக்கு என்ன தெரியும்?"

என் மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாள், உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று. நானும் ஒவ்வொரு வருஷமும் வாயைத் திறக்கிறேன்.

"மூடிராதீங்க அண்ணாச்சி" என்கிறேன்.